கவிழ்த்த குடம், வெறும் கதிரை, ஒரு பூட்டு: அம்மாவின் கொப்பியை எப்படி வாசிப்பது?

நீங்கள் எழுதியதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அலுமாரியை ஒதுக்கும்போது, அவர் பென்சிலால் படம் கீறிய கொப்பி ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. அவர் படம் கீறுவார் என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. கொப்பியில் ஆட்கள் இல்லை, கடல் இல்லை, கோயில் இல்லை. முழுக்க வீட்டுச் சாமான்கள். நான்கு பக்கங்களைப் படமெடுத்துப் போட்டிருக்கிறீர்கள்: வெறும் பிரம்புக் கதிரை, சிமினி வெடித்த அரிக்கன் லாம்பு, வாங்கில் கவிழ்த்து வைத்த குடம், திறப்புச் செருகிய பூட்டு. கதிரை மட்டும் பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியல், வெறும் கதிரை என்றால் மரணம், எரியாத விளக்கு என்றால் நம்பிக்கை இழப்பு, கவிழ்ந்த பாத்திரம் என்றால் வெறுமை, பூட்டு என்றால் மறைத்து வைத்த இரகசியம் என்கிறதாம். "இது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குக் கீழே இன்னொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன், தங்கச்சி. அம்மா உள்ளுக்குள் உடைந்துபோய் இருந்தாரா, பக்கத்தில் இருந்தும் நாங்கள் கவனிக்காமல் விட்டோமா என்று கேட்கிறீர்கள்.

திருகோணமலைப் பாடசாலைகளில் நெடுங்காலம் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகளின் படங்களையும் பெரியவர்களின் படங்களையும் பார்த்துப் பழகிய கண் உண்டு. மனநல மருத்துவம் படித்தவன் இல்லை, ஆகவே அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் வரலாமோ அவ்வளவு தூரம்தான் வருவேன். அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். உங்கள் அம்மாவைத் தெரியாத ஒருவர் எழுதிய பட்டியல் அது. கொப்பியில் வாசிக்க நிறைய இருக்கிறது. நீங்கள் போட்ட நான்கு படங்களும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடியவை அல்ல என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஒரு பொருளுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அர்த்தம் இருக்கும் மரபுகள் உண்டு, அதில் சந்தேகமே இல்லை. 17ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் எங்கள் கோட்டைக்கு வந்த அதே நூற்றாண்டில், அவர்களுடைய நாட்டில் ஒரு வகைப் படம் நன்றாக விலைபோனது. மேசையில் ஒரு மண்டையோடு, மணற்கடிகாரம், அப்போதுதான் நூர்ந்து புகை எழும்பும் மெழுகுதிரி, சரிந்து கிடக்கும் கண்ணாடிக் கிண்ணம். வானிட்டாஸ் என்று அந்த வகைக்குப் பெயர். "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்ற, பைபிளில் பிரசங்கி நூலில் வரும் வசனம்தான் அதற்கு அடி. கீறியவருக்கும் அது தெரியும், காசு கொடுத்து வாங்கியவருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்திருந்ததால்தான் இன்றும் எங்களால் அதை நம்பிக்கையோடு வாசிக்க முடிகிறது. அந்த ஒப்பந்தம் தெளிவாக இல்லாத இடங்களில் அறிஞர்களே அடிபடுகிறார்கள். யான் வான் ஐக் என்ற ஓவியர் 1434இல் தீட்டிய ஆர்னொல்பினி தம்பதியர் படத்தில் தொங்குவிளக்கில் ஒற்றை மெழுகுதிரி எரிகிறது, கழற்றிய மிதியடி கிடக்கிறது, கால்மாட்டில் ஒரு நாய் நிற்கிறது. எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாசிரியர் 1934இல் இவை எல்லாவற்றுக்கும் திருமணத்தோடு சேர்த்து மறைபொருள் சொன்னார். பின்னால் வந்தவர்கள் பலர், ஒரு பணக்கார வீட்டில் சாதாரணமாக இருக்கக்கூடிய பொருட்கள்தானே என்று அதை மறுத்தார்கள். விவாதம் இன்னும் ஓயவில்லை.

எங்களிடமும் இப்படி ஒத்துக்கொண்ட அர்த்தம் உள்ள பொருட்கள் இருக்கின்றன. வாழையிலையில் நெல் பரப்பிக் குடம் வைத்து, மாவிலை செருகி, மேலே தேங்காய் வைத்து, இருபக்கமும் குத்துவிளக்கு ஏற்றினால் அங்கே நல்ல காரியம் நடக்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை. அதே குடம் சுடலையில் கொள்ளிக்குடமாகிறது. தோளில் வைத்துச் சுற்றிவர, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை விழ, தண்ணீர் ஒழுகி, கடைசியில் குடம் உடைகிறது. அம்மா ஒரு மண்குடத்தையும் அதன் துளைகளில் இருந்து ஒழுகும் நீரையும் கீறியிருந்தால் இந்தப் பதிலை வேறு விதமாக எழுதியிருப்பேன். அவர் கீறியது வாங்கில் கவிழ்த்து வைத்த பித்தளைக் குடம். புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய குடத்தை எங்கள் வீடுகளில் வேறு எப்படி வைப்பார்கள்? தண்ணீர் வடியவும் பல்லி, பூச்சி உள்ளே போகாமல் இருக்கவும் கவிழ்த்துத்தான் வைப்பார்கள். கிண்ணியாவில் ஒரு முஸ்லிம் வீட்டிலும் பாலையூற்றில் ஒரு கத்தோலிக்க வீட்டிலும் குடத்தைக் கழுவினால் அப்படித்தான் வைப்பார்கள். கவிழ்ந்த குடத்துக்கு வெறுமை என்று அர்த்தம் சொன்னவர் எங்கள் கிணற்றடியைப் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குடத்தின் இடதுபக்க வயிற்றில் கோடு அழிக்கப்பட்டு மறுபடி கீறப்பட்டிருக்கிறது, மறுபடி அழிக்கப்பட்டிருக்கிறது. கடதாசியே அந்த இடத்தில் பஞ்சுபோல எழும்பி நிற்கிறது. வலதுபக்க வளைவு ஒரே மூச்சில் வந்துவிட்டது. இடதுபக்கத்தை அதோடு ஒத்துப்போகச் செய்ய அவர் பட்ட பாடு அது. குடத்தின் அடிவட்டத்தை நீள்வட்டமாகக் கீறுவதும் இரண்டு பக்க வயிற்றையும் ஒன்றுபோலக் கொண்டுவருவதும் படிக்கிற பிள்ளைகளைத் திணறடிக்கிற வேலை. யாரும் சொல்லித்தராமல் ஒரு பெண் குசினி வாங்கின் முன் இருந்து அதைச் செய்து பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிவது அந்த உழைப்புத்தான், அதற்கு மேல் ஒரு மறைபொருளையும் நான் ஏற்றமாட்டேன்.

பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை விஞ்ஞானம் போல உடை உடுத்தி வருகின்றன. 1948இல் ஜோன் பக் என்பவர் வீடு, மரம், ஆள் மூன்றையும் கீறச் சொல்லி ஆளுமையை அறியும் சோதனையை வெளியிட்டார். 1949இல் கரேன் மக்கோவர், ஆள் உருவத்தைக் கீறச் சொல்லி ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பொருள் சொன்னார். பெரிய கண் என்றால் சந்தேகப் புத்தி என்பது போன்றவை இந்த வழியில் பரவியவை. 1967இல் லோரன் சப்மன், ஜீன் சப்மன் தம்பதியர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் கீறியவரின் மனப்பிரச்சினை என்று ஏதோ ஒன்றை எழுதினார்கள். படத்துக்கும் அந்தக் குறிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதபடி கலைத்துப் போட்டு, இந்தத் துறையில் பயிற்சி இல்லாத மாணவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்களோ தொடர்பைக் "கண்டுபிடித்தார்கள்": சந்தேகப் புத்தி உள்ளவர்கள் கண்ணை ஒரு மாதிரிக் கீறியிருக்கிறார்கள் என்றார்கள். அனுபவமுள்ள உளவியலாளர்கள் சொல்லிவந்ததும் கிட்டத்தட்ட இதேதான். அதாவது படத்தில் இல்லாத ஒன்றைப் பார்க்கிறவர் தன் தலைக்குள் இருந்து கொண்டுவந்து வைக்கிறார், வைத்தது தெரியாமல் நம்பவும் செய்கிறார். நீங்கள் இப்போது துக்கத்தில் இருக்கிறீர்கள். துக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு வெறும் கதிரை என்னவாகத் தெரியும் என்று யோசியுங்கள்.

ஆனாலும் வெறும் கதிரை சில இடங்களில் உண்மையாகவே பேசியிருக்கிறது. 1870இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் இறந்தபோது லூக் ஃபில்ட்ஸ் என்ற ஓவியர் எழுத்தாளரின் படத்தைக் கீறாமல், அவர் எழுதும் அறையையும் ஆளில்லாத கதிரையையும் கீறினார். ஓவியர் வின்சன்ட் வான் கோ அந்தப் படத்தை மிகவும் விரும்பியவர். 1888இல் ஆர்ல் நகரில் அவரே இரண்டு கதிரைகளைத் தீட்டினார். ஒன்று தன்னுடையது: வைக்கோல் பின்னிய சாதாரணக் கதிரை, மேலே சுங்கானும் புகையிலையும். மற்றது நண்பரும் ஓவியருமான கோகனுடையது: கைபிடி உள்ள நல்ல கதிரை, அதில் எரியும் மெழுகுதிரியும் இரண்டு நாவல்களும். கோகன் போன பிறகு எழுதிய ஒரு கடிதத்தில், பிரிவதற்குச் சில நாட்களுக்கு முன் நண்பரின் வெற்றிடத்தைத் தீட்ட முயன்றதாக வான் கோவே சொல்கிறார். ஆகவே அந்தக் கதிரைக்கு அர்த்தம் சொல்ல எங்களிடம் சான்று இருக்கிறது.

சான்று இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் வான் கோவே உதாரணம். தேய்ந்துபோன ஒரு சோடிச் சப்பாத்தை அவர் தீட்டினார். மார்ட்டின் ஹைடெகர் என்ற மெய்யியலாளர் 1930களில் அதைப் பார்த்து, வயலில் உழைக்கும் ஒரு குடியானவப் பெண்ணின் சப்பாத்து என்று எடுத்துக்கொண்டு, மண்ணையும் உழைப்பையும் அதற்குள் வைத்து ஆழமாக எழுதினார். 1968இல் மேயர் ஷபிரோ என்ற கலை வரலாற்றாசிரியர், அது நகரத்தில் வாழ்ந்த ஓவியரின் சொந்தச் சப்பாத்து என்று வாதிட்டார். பெரிய மூளைகள் இரண்டு, சப்பாத்து ஒரே சோடி. பொருள் யாருடையது என்பதைக் கேட்காமல் அர்த்தத்துக்குப் பாய்ந்தால் எவ்வளவு அழகாக எழுதினாலும் கால் வழுக்கும்.

அதனால் உங்கள் வீட்டுக் கதிரைக்கு வருவோம். திரும்பத் திரும்பக் கீறியிருப்பதை ஒரு நோயின் அறிகுறியாக எடுக்க வேண்டாம். ஜோர்ஜியோ மொராண்டி என்ற இத்தாலிய ஓவியர் போலோஞ்ஞா நகரில் சகோதரிகளோடு வாழ்ந்து, 1964இல் இறக்கும்வரை பெரும்பாலும் அதே போத்தல்களையும் சாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்துத் தீட்டிக்கொண்டிருந்தார். அசையாமல் நிற்கும், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பொருளைத்தான் பழகுகிறவர் திரும்பக் கீறுவார். நீங்கள் போட்ட கதிரைப் படத்தில் நான் பார்ப்பவை இவை. வெளிச்சம் இடப்பக்க யன்னலில் இருந்து வருகிறது. பின்னங்கால் ஒன்று நீளம் கூடி, அழித்துக் குறைக்கப்பட்டிருக்கிறது; தூரத்தில் உள்ளது சின்னதாகத் தெரியும் என்பதை அவர் தானாகவே பிடித்திருக்கிறார். பிரம்புப் பின்னலை ஒவ்வொரு கண்ணாகக் கீறியிருக்கிறார், அவசரப்பட்ட கை இல்லை. அந்தப் பின்னல் நடுவில் தொய்ந்திருப்பதை அவர் விடவில்லை. நேராகக் கீறுவது இலகு. தொய்வைக் கீற வேண்டுமென்றால் ஒவ்வொரு கோட்டையும் வளைக்க வேண்டும். அதைச் செய்திருக்கிறார். சாய்வில் ஒரு துவாய் மடித்துத் தொங்குகிறது.

இங்கேதான் ஒரு கேள்வி எழும்புகிறது, பதில் எழும்பவில்லை. அந்தக் கதிரையில் இருந்து இருந்து பின்னலைத் தொய்ய வைத்தவர் யார்? துவாய் யாருடையது? அப்பாவைப் பற்றி உங்கள் பதிவில் ஒரு சொல்லும் இல்லை, ஆகவே நான் ஊகிக்கமாட்டேன். அது அம்மாவே தினமும் இருந்த கதிரையாகவும் இருக்கலாம்; படம் கீற எழும்பி எதிரே போய் இருந்தால் சொந்தக் கதிரை வெறுமையாகத்தானே தெரியும். மற்றக் கதிரைப் பக்கங்களில் துவாய் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் இருந்தால் ஒரு கதை, ஒரு பக்கத்துக்குப் பிறகு இல்லாமல் போனால் இன்னொரு கதை. அதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள்.

லாம்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எரியாமல் இருப்பதற்குக் காரணம் பகல் வெளிச்சத்தில் கீறியது. எரியும் விளக்கைப் பார்த்துக் கீறுவது கண்ணைக் கூசவைக்கும், பழகாதவர் அதைத் தொடமாட்டார். வெடித்த சிமினியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருப்பதை அம்மா கீறியிருக்கிறார், கவனித்தீர்களா? கரண்டும் இல்லாமல் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் வாழ்ந்த காலத்தில் வெடித்த சிமினியை எறியமாட்டோம், ஒட்டி ஒட்டிப் பாவிப்போம். அம்மாவின் வயதில் உள்ள எவருக்கும் அந்த ஒட்டுக்குப் பின்னால் ஒரு காலம் இருக்கிறது. அவர் நினைத்துத்தான் கீறினாரா, கண்ணில் பட்டதால் கீறினாரா என்பதைப் படம் சொல்லாது.

பூட்டுத்தான் என்னை நிறுத்தி வைத்த பக்கம். மற்ற மூன்று படங்களும் முன்னால் வைத்துப் பார்த்துக் கீறியவை. பார்த்துக் கீறிய படத்தில் நிழல் விழும், கோணம் சரிந்திருக்கும், தேவையில்லாத சின்னச் சின்ன விடயங்கள் தாமாக வந்து சேரும்: கடதாசி ஒட்டு, தொய்ந்த பிரம்பு, வாங்கின் வெடிப்பு. நினைவில் இருந்து கீறும்போது கை வேறு மாதிரிப் போகும். பொருள் நேர்முகமாக, நடுப்பக்கத்தில், நிழல் இல்லாமல், அடையாளம் காட்டும் உறுப்புகள் மட்டும் தெளிவாக வந்து நிற்கும். சின்னப் பிள்ளைகளின் படங்களில் இதைத் தினமும் பார்க்கலாம், பெரியவர்களுக்கும் அப்படித்தான். உங்கள் அம்மாவின் பூட்டு நேராக நம்மைப் பார்க்கிறது. கீழே நிழல் இல்லை, அது தொங்கும் கதவும் இல்லை, வைத்த மேசையும் இல்லை. ஆனால் திறப்பின் பற்கள் ஒவ்வொன்றும் கீறப்பட்டிருக்கின்றன, வளையத்தில் கட்டிய நூலின் முடிச்சுக் கூட இருக்கிறது. எதிரில் இல்லாத ஒரு பூட்டை, திறப்பின் பல்லுவரை நினைவு வைத்திருந்த ஒருவர் கீறிய படம் இது என்பது என் கணிப்பு.

அம்மா சம்பூரில் பிறந்து வளர்ந்தவர், 2006இல் போரால் இடம்பெயர்ந்து கடைசியில் உப்புவெளியில் வந்து இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வருடம் அந்தப் பக்கத்தில் இருந்து வெளிக்கிட்டவர்களில் பலர் வீட்டைப் பூட்டி, திறப்பை மடியில் முடிந்துகொண்டு வந்தார்கள். சம்பூர்க் காணிகள் 2015இல் இருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைத்தன. திரும்பிப் போனவர்களில் கதவே இல்லாத இடத்துக்குத் திறப்போடு போனவர்களை எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் கொப்பியில் ஒரு படத்துக்கு மட்டும் பொருளுக்கு அப்பால் போகும் அர்த்தம் இருக்கலாம் என்று கேட்டால் நான் இந்தப் பக்கத்தில்தான் கையை வைப்பேன். அப்படி இருந்தாலும் அது பட்டியல் சொல்லும் "இரகசியம்" இல்லை. யாருக்கும் மறைக்காத, எல்லோருக்கும் தெரிந்த ஒரு இழப்பு. இந்தக் கணிப்பை நீங்களே சோதிக்கலாம். வீட்டில் எங்காவது அப்படியொரு பூட்டு, நூல் கட்டிய திறப்போடு, இப்போதும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அம்மா அதையும் முன்னால் வைத்துக் கீறியிருக்கலாம், நான் சொன்னதன் பலம் பாதியாகக் குறையும். இல்லையென்றால் பெரியம்மாவிடம் கேளுங்கள். "இதற்கு என்ன அர்த்தம்" என்று கேட்க வேண்டாம். படத்தைக் கையில் கொடுத்து "இது எந்த வீட்டுப் பூட்டு" என்று மட்டும் கேளுங்கள். அர்த்தத்தைக் கேட்டால் ஆட்கள் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்வார்கள், பொருளைக் கேட்டால் நடந்ததைச் சொல்வார்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்வி. அம்மா மனம் உடைந்திருந்தாரா என்பதை இந்த நான்கு படங்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இருந்தார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. "சொல்லலாம்" என்று காசு கேட்கிறவர் இருந்தால் விலகிப் போங்கள். படத்தைப் பாவித்து வேலை செய்யும் நல்ல உளவளத்துணையாளர்கள்கூட, கீறியவரை முன்னால் இருத்தி அவர் வாயால் கேட்டுத்தான் பேசுவார்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, படங்களில் நேரடியாகத் தெரிவது: அவர் பொறுமையாகக் கீறினார், பிழைத்ததை அழித்துத் திருத்தினார், மூன்று படங்களில் வீட்டில் இருந்ததை இருந்தபடி பார்த்தார். இதை உங்களிடம் காட்டாமல் வைத்திருந்ததையும் உங்களை ஒதுக்கியதாக எடுக்காதீர்கள். நன்றாக வரும்வரை காட்டமாட்டேன் என்று கொப்பியை ஒளிக்கும் மாணவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கிறார்கள், வயது போனவர்கள் இன்னும் கூச்சப்படுவார்கள். இரவில் நித்திரை இல்லை, திரும்பத் திரும்ப இதே யோசனை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் படத்தில் விடை தேடாமல் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள், அல்லது ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். இது அக்கறையில் சொல்வது.

கொப்பியைப் பாதுகாப்பதைப் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் நீங்கள் லாமினேட் செய்யப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்ற முடியாது, கடதாசியின் மேற்பரப்பில் உள்ள அழித்த தடங்களும் அழுத்தமும் மங்கிப்போகும். நான் மேலே சொன்னவற்றில் பாதி அந்தத் தடங்களில்தான் இருக்கிறது. பக்கங்களைப் பிய்க்கவும் வேண்டாம், எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் என்ற ஒழுங்கும் ஒரு சான்று. முதலில் முழுக் கொப்பியையும், வெறும் பக்கங்களையும் சேர்த்து, யன்னல் பக்கச் சாய்வு வெளிச்சத்தில் படமெடுங்கள். பக்கங்களுக்கு இடையில் வெள்ளைக் கடதாசி வையுங்கள், பென்சில் மற்றப் பக்கத்தில் ஒட்டாது. உப்புவெளிக் கடற்காற்றின் ஈரத்துக்கு அலுமாரியின் கீழ்த்தட்டு கூடாது, மேல்தட்டில் காற்றுப் போகும்படி வையுங்கள். பெரியம்மா சொல்வதைக் கொப்பியில் எழுதாமல் வேறு கடதாசியில், யார் சொன்னது என்ற பெயரோடும் திகதியோடும் எழுதுங்கள்.

பூட்டுப் பக்கத்தின் பின்புறத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் படமெடுத்து இங்கே போட முடியுமா? அழுத்திக் கீறிய கோடு அடுத்த பக்கத்தில் பதிந்திருக்கும். இடையில் எதையாவது கீறி அழித்தாரா என்பது அந்தப் பதிவைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும். கதிரைப் பக்கங்கள் எல்லாவற்றையும் ஒழுங்கு மாறாமல் போடுங்கள், துவாயை நான் பார்க்கிறேன்.